வெள்ளைக்குள் ஒரு பொட்டு நீலம்

அவளை எல்லாரும் வெள்ளைக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆளோ நல்ல கறுப்பு. "வெள்ளைக்காரியக் கூப்பிடுங்க" என்கிற சத்தத்தைக் கேட்டதும், புதிதாக வந்த வாடிக்கையாளர் யாராவது உள்ளேயிருந்து ஏதோ துரைசாணி வரப்போகிறாள் என்று கழுத்தை நீட்டிப் பார்ப்பார். வருகிறவள் இவள். கையில் பிரஷ், நெற்றிமேல் தூக்கிவிட்ட பூதக்கண்ணாடி, முன்னால் கட்டிய பழைய துணி முழுக்க வெள்ளைத் தீற்றல். வந்தவர் முகம் போகிற போக்கைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். அந்தப் பெயர் நிறத்தைப் பார்த்து வந்ததில்லை, வேலையைப் பார்த்து வந்தது. அந்தப் பட்டறையில் வெள்ளை அடிப்பவள் அவள் ஒருத்திதான்.

என்ன பட்டறை என்கிறீர்களா? மேசைமேல் வைத்து ஆடுகிற போர் விளையாட்டு ஒன்று இருக்கிறது. தலை நரைத்த பெரிய மனிதர்கள், கட்டைவிரல் உயரச் சிப்பாய்களை வரிசை வரிசையாக நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். சிரிக்காதீர்கள், அதற்காக உயிரை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிப்பாய்கள் கடையிலிருந்து வரும்போது சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காக, கண்ணும் மூக்கும் தெரியாமல் வருவார்கள். வர்ணம் நாம்தான் அடித்துக்கொள்ள வேண்டும். பொறுமை உள்ளவன் தானே உட்கார்ந்து அடிப்பான். இல்லாதவன் பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவான். அப்படிக் கொடுத்துவிட்டுப் போகிற இடம்தான் சைக்கிள் கடைக்கு மேலே, கைப்பிடி ஆடுகிற மரப்படியில் ஏறிப்போனால் வருகிற அந்த நீள அறை.

அறையில் மூன்று மேசை. வாசலை ஒட்டிய மேசை முதலாளியுடையது. கறுப்பு அடிப்பூச்சு, துப்பாக்கி, பூட்ஸ், தோல்வார் எல்லாம் அவன் வேலை. ஜன்னல் பக்கத்து மேசை அவளுடையது. சட்டை, கால்சட்டை, கொடி, குதிரையின் நெற்றிப்பட்டை என்று எங்கெல்லாம் வெள்ளை வேண்டுமோ அங்கெல்லாம் அவள். மூலை மேசை அவள் புருஷனுடையது. முகமும் கண்ணும் அவர் பொறுப்பு. முதலாளி இவர்களைவிட ரொம்பச் சின்னவன். அவளை அக்கா என்பான், அவரை அண்ணே என்பான். உறவுமுறை போட்டுப் பார்த்தால் உதைக்கும், ஆனால் பட்டறையில் யாரும் போட்டுப் பார்த்ததில்லை.

அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. கண் டாக்டர். முன்னால் ஒரு பொம்மைத் தொழிற்சாலையில் பொம்மைகளுக்கு முகம் எழுதிக்கொண்டிருந்தவர். அது மூடப்பட்ட பிறகு இங்கே வந்தார், பின்னாலேயே அவளையும் அழைத்து வந்தார். கடுகில் பாதி அளவு கண்ணுக்குள்ளே வெள்ளை வைத்து, அதற்குள்ளே ஒரு கறுப்புப் புள்ளி வைப்பார். புள்ளி ஒரு மயிரிழை தள்ளிப்போனால் சிப்பாய்க்கு மாறுகண். அவருக்குத் தள்ளிப்போனதே இல்லை. முதலாளி அவரைக் கிண்டல் பண்ணுவான். ஊரில் எத்தனையோ பேர் அடுத்தவன் சொத்தின் மேலே கண் வைக்கிறார்கள், கண் வைப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் அண்ணன்தான் என்பான். அவரும் பெருமையோடு தலையாட்டிக்கொள்வார்.

வெள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவ்வளவு வீம்பு பிடித்த நிறம் வேறு கிடையாது. சிவப்போ பச்சையோ ஒரு கை, மிஞ்சிப்போனால் இரண்டு கை, சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும். வெள்ளை உட்காராது. முதல் பூச்சில் அடியிலிருக்கும் கறுப்பு பல்லை இளிக்கும். இரண்டாவதில் கோடு கோடாக நிற்கும். பொறுமையிழந்து கெட்டியாகக் குழைத்து அப்பினால் சுண்ணாம்பு மாதிரி கட்டிதட்டி, சட்டை மடிப்பும் பொத்தானும் அதற்குள் முழுகிப் போகும். முதலாளியே தொடக்கத்தில் முயற்சி பண்ணித் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

அவளுக்கு மட்டும் அது எப்படியோ மசிந்தது. வெள்ளைச் சட்டையை அவள் வெள்ளையில் ஆரம்பிக்கவே மாட்டாள். முதலில் தண்ணீராகக் கரைத்த சாம்பல். காய்ந்ததும் அதைவிட வெளிறிய சாம்பல். அதற்குமேல் பழைய எலும்பின் நிறம். மடிப்பின் குழிகளைத் தொடாமல் விட்டுவிடுவாள், நிழல் அங்கேயே தங்கிக்கொள்ளட்டும் என்று. கடைசியில் தோள்மேட்டில், கைப்பட்டையின் ஓரத்தில், முழங்கால் மடங்குகிற இடத்தில், வெளிச்சம் எங்கே விழுமோ அங்கே மட்டும் சுத்த வெள்ளை. மொத்தச் சட்டையிலும் நிஜமான வெள்ளை நகக்கண் அளவுகூட இருக்காது. பார்க்கிறவன் சட்டை முழுக்க வெள்ளை என்று சத்தியம் பண்ணுவான்.

அந்தக் கடைசி வெள்ளையில் பிரஷ் நுனியால் ஒரு பொட்டு நீலம் கலப்பாள். அது அவள் ரகசியம், ரகசியம் என்றும் சொல்ல முடியாது. ஏன் என்று முதலாளி கேட்டபோது, வீட்டில் துணி துவைக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே, வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டால்தானே வெள்ளை, என்றாள். அவள் பிரஷ் கழுவுகிற தண்ணீர்க் குவளையை வேறு யாரும் தொடக் கூடாது. ஒருமுறை முதலாளி ஞாபகமில்லாமல் சிவப்புப் பிரஷை அதில் விட்டு அலசிவிட்டான். அன்றைக்குப் பொழுது சாயும்வரை அவள் அவனோடு பேசவில்லை. மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள். அவளுக்கென்று பெரிதாக எதுவும் கிடையாது. வீடு வாடகை வீடு, மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள், தையலில் ஆரம்பித்துப் பாதியில் விட்ட படிப்புவரை எதிலும் அவள் பெயர் நின்றதில்லை. வெள்ளையில்தான் நின்றது. அது ஒன்றுதான் அவளுடையது.

சாயங்காலம் வேலை முடியும்போது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஒரு பழக்கம். அவள் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு மூலை மேசைக்குப் போவாள்.

"என்னங்க, வெள்ளையா இருக்கா?"

அவர் விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பால்" என்பார். அந்த ஒரு சொல்தான். பிறகு அவர் தன் தட்டை அவள் பக்கம் திருப்புவார்.

"நேரா பாக்குதா?"

"நேரா பாக்குது" என்பாள் அவள். ஆரம்பத்தில் இதெல்லாம் விளையாட்டுக்கு. விளக்கை அணைத்துவிட்டுப் படியிறங்குவதற்குமுன் சொல்லிக்கொள்கிற ஒரு பேச்சு.

அப்புறம் வெளிச்சம் குறைய ஆரம்பித்தது. அப்படித்தான் அவள் நினைத்தாள். விளக்கு மங்கல் என்று முதலாளியோடு சண்டை பிடித்தாள். கஞ்சத்தனம் பண்ணி எந்தக் குப்பைக் கடையிலோ வாங்கி மாட்டியிருக்கிறான் என்று திட்டினாள். அவன் புது விளக்கு வாங்கி மாட்டினான். இரண்டு நாள் நன்றாக இருந்த மாதிரி இருந்தது, பிறகு அதுவும் பழுத்துவிட்டது என்றாள். வெள்ளை டப்பாவிலும் குறை கண்டாள். கம்பெனிக்காரன் கலப்படம் பண்ணுகிறான், முன்னே மாதிரி வெள்ளையாக வருவதில்லை, அழுக்கேறின வெள்ளையாக வருகிறது என்றாள். அதனால் ஒரு பொட்டு நீலத்தை ஒன்றரைப் பொட்டாக்கினாள். பிறகு இரண்டு. ஒவ்வொரு நாளும் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்கும்போது ஒரு பயம் இருந்தது. அவர் பார்த்துவிட்டுப் பால் என்பார். பயம் இறங்கிவிடும். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வீட்டிலும் அதே கதைதான். அவருடைய வெள்ளைச் சட்டைகள் எத்தனை துவைத்தாலும் மஞ்சளடித்தன. வாளியில் நீலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டவள் சரித்து ஊற்ற ஆரம்பித்தாள். விடுமுறைக்கு வந்த மகள், அப்பா சட்டை போட்டுக்கொண்டு வெளியே கிளம்புவதைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். என்னப்பா இது, வானத்தைக் கிழிச்சு சட்டை தைச்சிருக்கீங்களா என்று ஆரம்பித்தவள், அவர் பார்த்த பார்வையில் கப்பென்று வாயை மூடிக்கொண்டாள். சமையலறையிலிருந்து என்னடி என்று அவள் கேட்டாள். ஒண்ணுமில்லம்மா என்றாள் மகள். அந்த ஒண்ணுமில்லம்மா அவள் காதில் ஒரு மாதிரியாக விழுந்தது. ஆனால் அடுப்பில் வேலை இருந்தது, விட்டுவிட்டாள்.

அந்தச் சமயத்தில் பட்டறையின் பெரிய வேலை பல் டாக்டருடைய படை. நிஜமான பல் டாக்டர், நாலு தெரு தள்ளி ஆஸ்பத்திரி வைத்திருந்தார். வெள்ளைச் சட்டைக் காலாட்படை ஒன்றைப் பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். நாள் முழுக்கப் பல்லைப் பார்க்கிற மனிதர். புதுப் பல் கட்டும்போது பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக, வெள்ளையிலேயே பதினாறு வகை வைத்துப் பார்க்கிறவர். அவரே அவள் வெள்ளையைப் பார்த்துவிட்டு, இந்த அம்மா என்னிடம் வேலைக்கு வந்தால் நான் நிம்மதியாக இருப்பேன் என்று சொல்லியிருந்தார். அதை அவள் மகளிடம் போனில் மூன்று தடவை சொன்னாள்.

அந்தப் பல் டாக்டர் ஒருநாள் மத்தியானம் பெட்டியோடு படியேறி வந்தார். முகம் சரியில்லை. முதலாளியின் மேசைமேல் பழைய சிப்பாய்களை ஒரு பக்கமும் புதுசுகளை ஒரு பக்கமும் நிறுத்தினார். சத்தம் போடவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. புதுசெல்லாம் மாவு பூசின மாதிரி இருக்கிறது, சட்டையில் பொத்தானையே காணோம், மடிப்பெல்லாம் தூர்ந்துவிட்டது என்றார். கொஞ்ச நாளாகவே இப்படித்தான் வருகிறது, சொல்ல வேண்டாம் என்று இருந்தேன் என்றார்.

"முன்னெல்லாம் இவங்க என்னையப் பார்த்துக்கிட்டு நிப்பாங்க. இப்ப என்னவோ யாரோ மாதிரி நிக்கிறாங்க" என்றார்.

அவள் எழுந்து வந்தாள். புதுச் சிப்பாய் ஒருவனை எடுத்து நகத்தால் மார்பை வருடினாள். பொத்தான் வரிசை நகத்தில் தட்ட வேண்டும். தட்டவில்லை, வழுவழுவென்று போனது. அவள் கை இப்படிப் பூசாது. தூக்கத்தில் எழுப்பி அடிக்கச் சொன்னாலும் பூசாது. இது என் வேலை இல்லை என்றாள்.

"அக்கா, வெள்ளை அடிக்கிறது நீங்க ஒருத்தர்தானே?" என்றான் முதலாளி, ரொம்ப மெதுவாக.

அவள் பதில் சொல்லத் திரும்பினாள். மூலை மேசையில் அவர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தார். குலுக்கவே வேண்டியில்லாத பாட்டில், வெறும் தண்ணீர் பாட்டில். அவள் அதைப் பார்த்தாள். சிப்பாயை மேசையில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். பல் டாக்டர் மீதி வேலையைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார். முதலாளி படிவரை கூடவே போய் என்னவோ கெஞ்சினான்.

வீட்டுக்கு வந்ததும் அவர் நல்ல பிள்ளையாக வெங்காயம் நறுக்க உட்கார்ந்தார். அவள் எதிரில் நின்றாள்.

"என் வேலைமேல கை வெச்சது நீங்கதானே?"

அவர் மறுக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தார்.

"உன் வெள்ளை நீலமா வருது" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

காலையில் முகம் எழுத வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று இரண்டு வருஷமாக அவளுக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார். இந்த வயதிலும் மனுஷனுக்கு என்ன அக்கறை என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசியவள் அவள். அந்த வெளிச்சத்தில் அவர் உட்கார்ந்து, முதல் நாள் அவள் அடித்த சட்டைகளின் மேல் வெறும் வெள்ளையைக் குழைத்துப் பூசி மெழுகியிருக்கிறார். சாயங்காலம் அவள் கேட்கும்போது பால் என்றிருக்கிறார்.

"தெனம் கேட்டேனே. தெனமும் பால்னு சொன்னீங்களே."

"நீ கேக்குறப்போ உன் மூஞ்சியப் பார்த்தா வேற என்னத்த சொல்ல?"

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நீலமாக அடித்ததை நீலம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பாள், கண்ணைக் காட்டியிருப்பாள். நீலமாகவே போயிருந்தாலும் பரவாயில்லை, பொத்தானை முழுங்கிவிட்டாரே. ஊர் முழுக்க அவள் பெயரில் சுண்ணாம்புச் சிப்பாய்கள் நிற்கிறார்களே. கூடவே இருந்து என்னைக் கேனச்சியாக்கிட்டீங்க என்றாள். அவர் வெங்காயத் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். இனிமேல் என்னிடம் ஒரு பொய் சொன்னால் செத்தாலும் உங்கள் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றாள். அவர் சரி என்றார். அன்றிரவு வெங்காயம் நறுக்கியபடியே கிடந்தது.

கண் ஆஸ்பத்திரிக்கு அவளாகவே கிளம்பினாள். அவர் பின்னால் வந்தார். கண்ணுக்குள் இருக்கிற வில்லை பழுத்துவிட்டது, உலகத்தையே மஞ்சள் கண்ணாடி வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள் என்றார் டாக்டரம்மா. புரை என்றால் கண் மங்கும் என்று அவளுக்குத் தெரியும், நிறம் மாறும் என்று தெரியாது. பழைய வார்னிஷ் மஞ்சளாவது மாதிரியா என்று கேட்டாள். அதேதான் என்றார் அந்தம்மா. ஆக, மஞ்சளைக் கொல்ல நீலத்தை ஊற்றிக்கொண்டே போயிருக்கிறாள். அவள் அடித்த வெள்ளை அவள் ஒருத்தி கண்ணுக்கு மட்டும் வெள்ளை. மற்ற எல்லாருக்கும் நீலம்.

வலது கண்ணுக்கு முதலில் அறுவை என்று முடிவாயிற்று. நீங்களும் உட்காருங்கள், வந்ததுக்கு ஒருதரம் பார்த்துவிடலாம் என்று டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டார். எனக்கென்னம்மா, நான் ஊருக்கே கண் வைக்கிறவன் என்றார் அவர். நர்ஸ் சிரித்தாள். பேச்சில்லாமல் இருந்த அவளுக்கும் உதட்டோரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவர் உட்காரவில்லை. அந்தச் சிரிப்பில் அது அப்படியே போயிற்று.

கட்டைப் பிரித்ததும் முதலில் தெரிந்தது நர்ஸின் சட்டை. அது கண்ணைக் குத்தியது. இப்படி ஒரு வெள்ளை இருந்ததை அவள் மறந்தே போயிருந்தாள். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தாள், சட்டை பழுத்த காகிதமாக இருந்தது. இடதைப் பொத்திக்கொண்டு வலதால் பார்த்தாள், வெள்ளை. மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அழக்கூடாது, புண் ஆறணும் என்று நர்ஸ் அதட்டினாள்.

வீட்டுக்கு வந்து பின்பக்கக் கதவைத் திறந்தாள். கொடியில் அவருடைய சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஐந்து சட்டை. ஒன்றுகூட வெள்ளை இல்லை. புதியது வெளிர் நீலம், அதற்கடுத்தது கொஞ்சம் கூட, எல்லாவற்றிலும் பழையது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடை மாதிரி அப்பட்டமான நீலம். இதைப் போட்டுக்கொண்டுதான் மனுஷன் பஸ்ஸில் போயிருக்கிறார், ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார், பட்டறையில் எல்லார் முன்னாலும் உட்கார்ந்திருக்கிறார். எத்தனை பேர் சிரித்திருப்பார்கள். ஒருநாள்கூட இது ஏன் இப்படி என்று அவர் கேட்டதில்லை. அவள் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தனை நாள் வைத்திருந்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அவர்மேல் அவளுக்குப் பாவமாக இருந்தது, தன்மேல் அதைவிடப் பாவமாக இருந்தது.

பட்டறையில் இதற்குள் முதலாளி வெள்ளைக்கென்று வர்ணம் ஊதுகிற காற்றுத் துப்பாக்கி ஒன்று வாங்கி வைத்திருந்தான். மடிப்பையெல்லாம் அது பார்க்காது, மேலாகப் பனி பெய்த மாதிரி ஊதிவிட்டுப் போகும். அதைப் பார்க்க அவளுக்கு வயிறெரிந்தது. ஒரே ஒரு தட்டு கொடு, அது சரியில்லை என்றால் நானே இந்தப் படியை விட்டு இறங்கிப் போகிறேன் என்றாள். அவன் பல் டாக்டரிடம் நடையாக நடந்து, கையில் காலில் விழாத குறையாகக் கேட்டு, ஒரு தட்டுக்குச் சம்மதம் வாங்கி வந்தான். ஆறு சிப்பாய்கள். பழைய படையோடு நிறுத்திப் பார்ப்பார். ஒத்துப்போனால் மிச்ச வேலை முழுக்க இங்கேதான். இல்லையென்றால் வெள்ளை இனிமேல் துப்பாக்கிக்குத்தான்.

இடது கண்ணில் பஞ்சை வைத்துக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். சாம்பல், வெளிறிய சாம்பல், எலும்பு. கை எதையும் மறந்திருக்கவில்லை. பொத்தான் ஒவ்வொன்றும் தனித்தனியாக மேலே வந்தது. கொடி பிடித்தவனின் கைப்பட்டை ஓரத்தில் கடைசி வெள்ளையை இழுத்தபோது அது விளக்கடியில் சுடர்விட்டது. ஒரே பொட்டு நீலம், அதற்குமேல் ஒரு தூசி கிடையாது. முதலாளி பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, அக்கா வெளுத்து வாங்கிட்டீங்க என்றான். அன்றைக்கு அவள் யாரிடமும் வெள்ளையா இருக்கா என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. தட்டை மூலை மேசையில் கொண்டுபோய் வைத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். ரொம்ப நாள் கழித்து இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

மறுநாள் முழுக்க அவர் முகம் எழுதினார். மூக்கு தட்டில் இடிக்கிற அளவுக்குக் குனிந்துகொண்டு எழுதினார். அவர் எப்போதும் அப்படித்தானா, இல்லை இப்போதுதான் அப்படியா என்று அவளுக்கு நினைவில்லை. நாளைக் காலையில் தட்டு போக வேண்டும். சாயங்காலம் முதலாளி டீ வாங்கக் கீழே இறங்கிப் போனான். அவர் பிரஷைக் கழுவி வைத்துவிட்டு, பழைய பழக்கத்தில் தட்டை அவள் பக்கம் திருப்பினார்.

"நேரா பாக்குதா?"

அவள் குனிந்து பார்த்தாள். கொடி பிடித்தவனின் ஒரு கண் கொடியைப் பார்த்தது, மற்றது தரையைப் பார்த்தது. முரசு அடிப்பவனுக்கு இரண்டு புள்ளியும் மூக்குப் பக்கம் ஒதுங்கியிருந்தன. இன்னொருவனுக்குப் புள்ளி கண்ணைத் தாண்டிக் கன்னத்தில் விழுந்திருந்தது. ஆறு பேரில் ஒருவன்கூட எதிரில் இருப்பவனைப் பார்க்கவில்லை.

நிமிர்ந்து, அவர் தலைக்குமேல் இருந்த அலமாரியைப் பார்த்தாள். காட்சிக்கு வைத்த பழைய சிப்பாய்கள் மேல்தட்டில் வரிசையாக அவளையே பார்த்தார்கள். கீழ்த்தட்டில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். இதெல்லாம் நேரா பாக்குது என்று அவள் வாயால் சொல்லி அனுப்பியவை. மஞ்சள் மூட்டத்துக்குள் அவளுக்கு எல்லாம் நேராகத்தான் தெரிந்தது. இவங்க இப்ப யாரோ மாதிரி நிக்கிறாங்க என்று பல் டாக்டர் சொன்னது இதைத்தான். பல் டாக்டருக்கே அது என்னவென்று சொல்லத் தெரியவில்லை. பொத்தானைப் புருஷன் வேண்டுமென்று முழுங்கவில்லை, பொத்தான் அவர் கண்ணுக்குத் தெரியவேயில்லை. கொஞ்ச காலமாக அவர் அந்தக் கேள்வியை விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டிருக்கிறார். அவள் கேட்டது மாதிரியே.

சொல்லிவிடலாம். சொல்லியிருந்தால் கண்ணைக் காட்டியிருப்பேனே என்று கத்தியவள் அவள்தான். பொய் சொன்னால் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றதும் அவள்தான். அவர் முகத்தைப் பார்த்தாள். பதிலுக்காக லேசாக வாய் திறந்தபடி, அவளை நேராகப் பார்க்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டை போட்டிருந்தார்.

"நேரா பாக்குது" என்றாள்.

கீழே சைக்கிள் கடையில் யாரோ டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது. அவர் தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் பால்னு சொல்றப்போ உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?" என்றார்.

அவர் வேலை முடிந்தது என்கிற மாதிரி கறுப்புப் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு, மேசைமேல் அதன் மூடியைத் தடவித் தேடினார். அது அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவள் எடுத்துக் கொடுத்தாள்.